நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் துண்டு நிலம்: வரைபடத்தில் சரிபார்ப்பது எப்படி

ஒரு நாட்டின் எல்லைக்குள் இன்னொரு நாட்டின் சிறு துண்டு தனியாகக் கிடப்பதாக வரைபடம் காட்டினால், மூன்று வாய்ப்புகள் உண்டு. நிஜமாகவே அங்கே ஒரு என்கிளேவ் (ஒரே நாட்டால் முழுதும் சூழப்பட்ட நிலம்) இருக்கலாம். முன்பு இருந்து, இப்போது இல்லாமல் போயிருக்கலாம். அல்லது வரைபடத் தரவில் பிழை இருக்கலாம். மூன்றும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். எது எது என்று பிரித்தறியும் முறையைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறோம்.

தேவைப்படுபவை: பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய இணைய வரைபடம் (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போதும்), செயற்கைக்கோள் படம், 1:50,000 அல்லது அதைவிட விரிவான தலப்படம் (மேடு பள்ளம், ஊர், சாலை எல்லாம் காட்டும் வரைபடம்), கியூஜிஐஎஸ் போன்ற ஒரு நில வரைபட மென்பொருள், எல்லை ஒப்பந்தத்தின் வாசகம். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெரும்பாலோர் அதைத் தேடுவதே இல்லை.

என்கிளேவா, எக்ஸ்கிளேவா

இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். துண்டைச் சுற்றி எத்தனை நாடுகள் இருக்கின்றன? தாய்நாட்டிலிருந்து அது நிலவழியில் துண்டிக்கப்பட்டிருக்கிறதா? சுற்றிலும் ஒரே நாடு, கடற்கரையும் கிடையாது என்றால் அது என்கிளேவ். தாய்நாட்டிலிருந்து பிரிந்து கிடந்தால் எக்ஸ்கிளேவ். ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

லெசோத்தோவைச் சுற்றித் தென்னாப்பிரிக்கா மட்டும்தான். ஆனால் அது தனி நாடு, அதற்கு வேறு தாய்நாடு கிடையாது. அதனால் என்கிளேவ் மட்டுமே. வத்திக்கானும் சான் மரினோவும் இதே வகை. நக்சிவான் இதற்குத் தலைகீழ். அஜர்பைஜானிலிருந்து பிரிந்து கிடக்கும் அந்தப் பகுதியை ஆர்மீனியா, ஈரான், துருக்கி மூன்றும் தொடுகின்றன. ஆகவே எக்ஸ்கிளேவ் மட்டுமே. ரஷ்யாவின் கலினின்கிராடுக்கும் அங்கோலாவின் கபிண்டாவுக்கும் கடற்கரை இருக்கிறது. அவையும் எக்ஸ்கிளேவ்தான், என்கிளேவ் ஆகாது. சுவிட்சர்லாந்துக்குள் இருக்கும் ஜெர்மன் ஊரான பியூசிங்கன் இரண்டுமே. காம்பியாவின் மூன்று பக்கமும் செனகல் இருந்தாலும் மேற்கே அட்லாண்டிக் திறந்திருக்கிறது, அதனால் அதை என்கிளேவ் என்று பதிவு செய்யாதீர்கள்.

துண்டுக்குள் துண்டு இருந்தால் எண்ணித்தான் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு புள்ளி வைத்து, வெளியே சூழ்ந்திருக்கும் நாட்டின் பெருநிலம் வரை ஒரு நேர்க்கோடு இழுங்கள். கோடு எத்தனை எல்லைகளைக் கடக்கிறதோ அதுவே அதன் அடுக்கு. ஓமானின் மதா என்ற பகுதி ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் இருக்கிறது. அந்த மதாவுக்குள் நஹ்வா என்ற அமீரகத்துக் கிராமம் இருக்கிறது. நஹ்வாவிலிருந்து கோடு இழுத்தால் இரண்டு எல்லைகள் வரும், எனவே இரண்டாம் அடுக்கு.

இந்த எண்ணிக்கை இரண்டு விதமாகத் தவறும். கோடு எல்லையின் முனை ஒன்றை உரசிக்கொண்டு போனால் அதைக் கடந்ததாக எண்ணுவதா வேண்டாமா என்று குழப்பம் வரும். கோட்டைச் சற்றுச் சாய்த்து மறுபடி எண்ணுங்கள். வழியில் சம்பந்தமில்லாத வேறொரு துண்டு குறுக்கிட்டால் இரண்டு எல்லைகள் கூடிவிடும். நான்கு திசைகளில் கோடு இழுத்து, கிடைத்த எண்களில் மிகக் குறைந்ததை எடுத்துக்கொண்டால் இந்தப் பிழை நீங்கும்.

ஒரே புள்ளியில் தொடும் துண்டுகள்

ஆஸ்திரியாவின் யுங்ஹோல்ட்ஸ் ஊர், ஸோர்க்ஷ்ரோஃபன் என்ற 1,636 மீட்டர் மலையின் உச்சியில் ஒரே ஒரு புள்ளியில் தாய்நாட்டைத் தொடுகிறது. மற்றபடி சுற்றிலும் ஜெர்மனி. வரைபடக் கோப்பில் இதை ஒரே பலகோணமாக வரைந்தால், அதன் வெளிவளையம் தன்னைத்தானே தொடுகிறது என்று மென்பொருள் பிழை காட்டும். இரண்டு பாகங்கள் கொண்ட பல்பலகோணமாகச் சேமிப்பதே சரி. அடுத்து ஸ்நாப்பிங் அளவை, அதாவது அருகருகே உள்ள புள்ளிகளை மென்பொருள் எவ்வளவு தூரம் வரை ஒன்றாக இணைக்கும் என்பதை, பாருங்கள். அது ஐந்து, பத்து மீட்டர் என்று இருந்தால் அந்தப் புள்ளி விரிந்து ஒரு குறுகிய கழுத்தாகிவிடும், அல்லது இரண்டு பாகங்களும் விலகிவிடும். முதல் பிழை அங்கே பாதை இருப்பதாகக் காட்டும், இரண்டாவது யுங்ஹோல்ட்ஸை முழு என்கிளேவ் ஆக்கிவிடும்.

நான்கு நாடுகள் ஒரே புள்ளியில் சந்திப்பதாக எந்த வரைபடம் காட்டினாலும் பெரிதாக்கிப் பாருங்கள். ஜாம்பேசி ஆற்றில் கசுங்குலா அருகே ஜாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே நான்கும் கூடுவதுபோல் தெரியும். உண்மையில் அங்கே இருப்பவை இரண்டு முச்சந்திகள். அவற்றுக்கு நடுவே ஜாம்பியாவும் போட்ஸ்வானாவும் சுமார் 150 மீட்டர் நீளத்துக்கு நேரடியாகத் தொடுகின்றன. 2021ல் திறந்த கசுங்குலா பாலம் அந்தச் சிறு இடைவெளிக்குள் அடங்குவதற்காகவே வளைத்துக் கட்டப்பட்டது.

அளவை முதலில் கணக்கிடுங்கள்

ஒரு துண்டு வரைபடத்தில் தெரியவில்லை என்றால் அது இல்லை என்று பொருள் இல்லை. கணக்கு எளிது. இந்தியா–வங்கதேச எல்லையில் இருந்த தகலா கக்ராபாரி என்ற துண்டின் பரப்பு சுமார் 7,000 சதுர மீட்டர். சதுரமாக நினைத்துக்கொண்டால் ஒரு பக்கம் சுமார் 84 மீட்டர். 1:50,000 வரைபடத்தில் அது 1.7 மில்லிமீட்டர், பார்க்கலாம். 1:10,00,000 வரைபடத்தில் 0.08 மில்லிமீட்டர். அச்சில் எல்லைக்கோடே 0.2 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், அதாவது தரையில் 200 மீட்டர் அகலம். அந்தத் துண்டு முழுவதுமே கோட்டுக்குள் மறைந்துவிடும்.

ஆகவே முதலில் துண்டின் பக்க அளவை மதிப்பிடுங்கள். வரைபடத்தில் அது குறைந்தது 1 மில்லிமீட்டராவது வரக்கூடிய அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி அட்லஸைக் காட்டி ஒரு சிறு என்கிளேவை மறுக்க முடியாது.

மென்பொருளில் சல்லடை போடுதல்

நாடுகளின் எல்லை அடுக்கைக் கியூஜிஐஎஸ்ஸில் திறந்து, ஒவ்வொரு நாட்டின் பல்பலகோணத்தையும் தனித்தனிப் பாகங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பரப்பையும் நீள்கோள முறையில், அதாவது பூமியின் வளைவைக் கணக்கில் கொண்டு, கணக்கிடுங்கள். தட்டையான திட்டப்படத்தில் கணக்கிட்டால் உயர் அட்சங்களில் பரப்பு பல மடங்கு ஊதிவிடும். ஒவ்வொரு நாட்டிலும் மிகப் பெரிய பாகத்தை விலக்குங்கள். கடற்கரையைத் தொடுபவற்றையும் விலக்குங்கள், தீவுகள் இதோடு போய்விடும். மீதமுள்ள ஒவ்வொன்றும் எத்தனை நாடுகளைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் என்கிளேவ் வேட்பாளர். அதிகம் என்றால் எக்ஸ்கிளேவ் மட்டும். முழு நாடாகவே இருக்கும் என்கிளேவ்கள் இந்தச் சல்லடையில் சிக்காது, ஏனென்றால் லெசோத்தோவின் மிகப் பெரிய பாகமே லெசோத்தோதான். அவற்றைப் பிடிக்க, பலகோணங்களுக்குள் இருக்கும் துளைகளைத் தனியாகத் தேடுங்கள்.

இப்போது வரும் பட்டியலில் பாதிக்கு மேல் பொய்யாகவே இருக்கக்கூடும். காரணம் ஒன்றுதான்: இரண்டு நாடுகளின் எல்லைகளை இரண்டு வெவ்வேறு மூலங்களிலிருந்து எடுத்திருப்பார்கள். கோடுகள் துல்லியமாகப் பொருந்தாது. இடையில் மயிரிழை போன்ற நீண்ட கீற்றுகள் உருவாகும். அவற்றை நீக்க, ஒவ்வொரு பாகத்துக்கும் 4π × பரப்பு ÷ சுற்றளவின் வர்க்கம் என்ற விகிதத்தைக் கணக்கிடுங்கள். வட்டத்துக்கு 1 வரும், கீற்றுக்கு 0.05க்கும் கீழே போகும். அப்படி வருபவற்றைத் தனியே ஒதுக்கி, கண்ணால் பார்த்தபின் நீக்குங்கள். பார்க்காமல் நீக்கக் கூடாது, உண்மையான எல்லைகளிலும் ஒல்லியான துண்டுகள் உண்டு. ஜெர்மனி எல்லையில் ஃபென்பான் என்ற ரயில் பாதையின் தடம் முதல் உலகப் போருக்குப் பின் பெல்ஜியத்துக்குப் போனது. சில மீட்டர் அகலமே உள்ள அந்தத் தடத்துக்கு மேற்கே இன்றும் ஐந்து ஜெர்மன் என்கிளேவ்கள் இருக்கின்றன. தண்டவாளம் போய் இப்போது அங்கே சைக்கிள் பாதை ஓடுகிறது, ஆனால் எல்லை அப்படியே நிற்கிறது.

தகராறு உள்ள எல்லைகளில் இரண்டு நாடுகளும் தாமே வெளியிடும் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டும் உரிமை கோரும் இடம் மேலடுக்காகத் தெரியும். யாரும் கோராத இடம் ஓட்டையாகத் தெரியும். எகிப்து 1899ம் ஆண்டின் எல்லையான 22 பாகை வடக்கு அட்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. சூடான் 1902ம் ஆண்டின் நிர்வாகக் கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதன் விளைவாக ஹலாயிப் முக்கோணத்தை இருவரும் கோருகிறார்கள், சுமார் 2,060 சதுர கிலோமீட்டர் உள்ள பிர் தாவிலை இருவருமே கோருவதில்லை. அந்த ஓட்டையைத் தரவுப் பிழை என்று அடைத்துவிடாதீர்கள்.

ஒப்பந்த வாசகத்தைப் படியுங்கள்

ஒரு விநோத எல்லையின் காரணம் எப்போதும் ஏதோ ஒரு தாளில் இருக்கும், பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லில். 1659ல் பிரனீஸ் ஒப்பந்தப்படி ஸ்பெயின் பிரனீஸ் மலைத்தொடருக்கு வடக்கே இருந்த நிலங்களைப் பிரான்சுக்குக் கொடுத்தது. செர்தான்யா பள்ளத்தாக்கில் 33 கிராமங்களைக் கொடுப்பதென்று முடிவாயிற்று. லிவியாவுக்கோ நகரம் என்ற தகுதி இருந்தது. கிராமம் என்ற சொல்லுக்குள் அது அடங்கவில்லை. அதனால் இன்றும் பிரான்சுக்குள் ஒரு ஸ்பானிய ஊராக நிற்கிறது.

அமெரிக்காவின் வடமேற்குக் கோணம் என்ற துண்டு தவறான வரைபடத்திலிருந்து பிறந்தது. 1783 ஒப்பந்தம், உட்ஸ் ஏரியின் வடமேற்கு முனையிலிருந்து நேர் மேற்கே மிசிசிப்பி ஆறு வரை எல்லை போகும் என்றது. அந்த ஆறோ அங்கிருந்து தெற்கே தொடங்குகிறது. நேர் மேற்கே போனால் ஆற்றைத் தொடவே முடியாது. 1818ல் அந்த முனையிலிருந்து தெற்கே 49 பாகை அட்சத்துக்கு ஒரு கோடு இறக்கிச் சரிசெய்தார்கள். அந்தக் கோட்டுக்கு மேற்கே மாட்டிக்கொண்ட நிலம், கனடா வழியாகவோ ஏரி வழியாகவோ மட்டுமே போகக்கூடிய அமெரிக்கத் துண்டாகிவிட்டது.

வாசகத்தைப் படிக்கும்போது எந்தத் தாள் எந்தத் தாளை மீறும் என்று பாருங்கள். இதற்கு பார்லே ஊர் வழக்கைவிடத் தெளிவான பாடம் கிடையாது. நெதர்லாந்துக்குள் பெல்ஜியத்தின் 22 துண்டுகளும், நெதர்லாந்துக்குச் சொந்தமான 8 துண்டுகளும் கலந்து கிடக்கும் ஊர் அது. அந்த எட்டில் ஏழு பெல்ஜியத் துண்டுகளுக்குள்ளேயே இருக்கின்றன. 1843ல் எல்லை வகுத்தவர்கள் 214ம் எண் கல்லுக்கும் 215ம் எண் கல்லுக்கும் நடுவே தொடர்ச்சியான கோடு போட முடியாமல், 5,732 மனைகளை ஒவ்வொன்றாக எந்த நாட்டுக்கு என்று எழுதி வைத்தார்கள். பார்லேயின் நெதர்லாந்து, பெல்ஜிய ஊராட்சிகள் இரண்டும் 1841ல் ஒப்புக்கொண்ட குறிப்பில், 78 முதல் 111 வரையிலான மனைகள் நெதர்லாந்துப் பக்கத்து ஊருக்கு என்று இருந்தது. 1843 ஒப்பந்தத்தோடு இணைந்த குறிப்பிலோ 78 முதல் 90 வரை நெதர்லாந்து, 91, 92 பெல்ஜியம், 93 முதல் 111 வரை நெதர்லாந்து என்று இருந்தது. நகலெடுக்கும்போது நேர்ந்த தவறு என்று நெதர்லாந்து வாதிட்டது. சர்வதேச நீதிமன்றம் 1959 ஜூன் 20 அன்று, 10 பேருக்கு 4 பேர் என்ற பெரும்பான்மையில், ஒப்பந்தத்தோடு இணைந்த குறிப்பே செல்லும் என்று சொல்லி இரண்டு மனைகளையும் பெல்ஜியத்துக்குக் கொடுத்தது. பின்னால் எழுதி இரு நாடுகளும் உறுதிசெய்த தாள், முன்னதை மீறும். நீங்கள் இரண்டு ஆவணங்கள் முரண்படுவதைப் பார்த்தால் இதே வரிசையில் மதிப்பிடுங்கள்.

வாசகத்தை வைத்துக் கோடு வரையும்போதும் ஒரு பொறி உண்டு. அமெரிக்கா–கனடா எல்லை 49 பாகை அட்சம் என்று படித்துவிட்டு அந்த அட்சத்திலேயே கோடு போட்டால் தவறாகும். 19ம் நூற்றாண்டில் நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் கற்களை நட்டார்கள். அருகிலுள்ள மலைகளின் ஈர்ப்பால் தூக்குக்குண்டு சாய, கற்கள் வடக்கும் தெற்குமாக விலகின. 1925ல் இரு நாடுகளும் அந்தக் கற்களை நேர்க்கோடுகளால் இணைப்பதே எல்லை என்று ஏற்றுக்கொண்டன. எங்கேயும் கல் நட்டாயிற்று, இரு தரப்பும் ஏற்றாயிற்று என்றால், அட்சரேகையை விட்டுவிட்டுக் கல்லைப் பிடியுங்கள்.

ஆறு குறுக்கிட்டால்

ஆற்றின் தவறான கரையில் ஒரு துண்டு தெரிந்தால் அது என்கிளேவ் என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். ஆறு மெல்ல மெல்ல நகர்ந்தால் எல்லை கூடவே நகரும். வெள்ளத்தில் திடீரென்று புதுப் பாதை வெட்டிக்கொண்டால், அல்லது மனிதர்கள் நேராக்கினால், எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பொதுவான வழக்கம் இதுதான். செயற்கைக்கோள் படத்தில் பழைய தடம் குதிரைலாட வடிவ ஏரியாகவோ வளைந்த மரவரிசையாகவோ தெரியும். எல்லை அதோடு பொருந்தினால் விஷயம் முடிந்தது. மியூஸ் ஆற்றை நேராக்கியபோது பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் இப்படித் துண்டுகள் மறுகரையில் சிக்கின. 2016ல் ஒப்பந்தம் போட்டு, 2018 ஜனவரி 1 முதல் மாற்றிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வரைபடம் உங்கள் கையில் இருந்தால் அங்கே எல்லை தவறு.

இன்றும் இருக்கிறதா

மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இந்தியா–வங்கதேச எல்லையிலுள்ள கூச் பிகார். சிட்மஹால் என்று அழைக்கப்பட்ட அந்தத் துண்டுகளைப் பற்றி இன்றும் நிகழ்காலத்தில் எழுதுகிறார்கள். 1974ல் கையெழுத்தான ஒப்பந்தம், 2015ல் இந்திய அரசமைப்பின் 100வது திருத்தத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு ஜூலை 31 நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. வங்கதேசத்துக்குள் இருந்த 111 இந்தியத் துண்டுகள் (சுமார் 17,160 ஏக்கர்) வங்கதேசத்துக்கும், இந்தியாவுக்குள் இருந்த 51 வங்கதேசத் துண்டுகள் (சுமார் 7,110 ஏக்கர்) இந்தியாவுக்கும் போயின. உலகின் ஒரே மூன்றாம் அடுக்கு என்கிளேவான தகலா கக்ராபாரியும் அன்றோடு முடிந்தது. தலைமுறை தலைமுறையாக எந்த நாட்டு அடையாளமும் கைக்கு வராமல் வாழ்ந்த 50,000க்கும் மேற்பட்டோரின் வாழ்க்கை இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறது. பதிவில் தேதியைச் சரியாக எழுதுவது அவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

எல்லாமே போய்விடவில்லை. தஹகிராம்–அங்கோர்போதா இன்றும் இந்தியாவுக்குள் இருக்கும் வங்கதேச நிலம். 178 மீட்டர் நீளம், 85 மீட்டர் அகலமுள்ள தீன் பிகா பாதை அதை வங்கதேசத்தோடு இணைக்கிறது. 1992ல் திறந்த அந்தப் பாதை 2011 முதல் 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. பாதை இருப்பதால் என்கிளேவ் என்ற தகுதி போய்விடாது, ஏனென்றால் பாதை குத்தகைக்கு விடப்பட்டது. மண்ணின் உரிமை இந்தியாவிடமே இருக்கிறது.

வருடத்துக்குள்ளேயே மாறும் இடமும் ஒன்று உண்டு. பிடாசோவா ஆற்றிலுள்ள ஃபெசன்ட் தீவு பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை ஸ்பெயினின் நிர்வாகத்திலும், மீதி ஆறு மாதம் பிரான்சின் நிர்வாகத்திலும் இருக்கிறது. உரிமை இருவருக்கும் பொது. ஒரு பலகோணத்துக்கு ஒரு நாடு என்று வடிவமைத்த அட்டவணையில் இதை நுழைக்க முடியாது, பொது உரிமை என்று தனிப் புலம் வையுங்கள்.

நேரில் போவதானால்

இறையாண்மை, சுங்கம், பணம், அஞ்சல், தொலைபேசி, காவல் ஆகிய ஆறையும் தனித்தனியாக விசாரியுங்கள். ஒன்றை வைத்து மற்றதை ஊகித்தால் ஏமாறுவீர்கள். பியூசிங்கன் ஜெர்மன் மண், ஆனால் சுவிஸ் சுங்கப் பகுதிக்குள் இருக்கிறது. அன்றாடம் புழங்குவது சுவிஸ் பிராங்க். அஞ்சல் குறியீடு இரண்டு, ஜெர்மனிக்கு 78266, சுவிட்சர்லாந்துக்கு 8238. இத்தாலியின் காம்பியோனேயும் சுவிட்சர்லாந்தால் சூழப்பட்டதுதான், ஆனால் அது 2020 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சுங்கப் பகுதியில் சேர்ந்துவிட்டது. ஒரே மாதிரி இரண்டு ஊர்கள், நேரெதிர் விதி.

விசாவைப் பொறுத்தவரை, எக்ஸ்கிளேவுக்குச் சாலை வழியே போய்த் திரும்புவது என்றால் நடுவில் உள்ள நாட்டுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். அமெரிக்காவின் பாயிண்ட் ராபர்ட்ஸுக்கு அமெரிக்காவிலிருந்தே காரில் போனாலும் கனடா வழியாகப் போய், மறுபடி அமெரிக்க எல்லைச் சோதனையைக் கடக்க வேண்டும். திரும்பும்போதும் அதேதான். ஒருமுறை நுழைவு விசா கையில் இருந்தால் போன இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். வாடகைக் காரின் காப்பீடு இரண்டு நாடுகளிலும் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சோதனைச் சாவடியே இல்லாத மதா போன்ற இடங்களில்தான் இதை மறந்துவிடுகிறார்கள். யாரும் நிறுத்திக் கேட்காததால் எல்லை தாண்டியது உறைப்பதில்லை. விபத்து நடந்தபின் காப்பீடு செல்லாது என்று தெரியவருகிறது.

பார்லேயில் எல்லையை நடைபாதையில் வெள்ளைச் சிலுவைக் குறிகளால் காட்டியிருக்கிறார்கள். கோடு வீட்டை வெட்டிக்கொண்டு போனால், வாசற்கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு வீடு என்பது அங்குள்ள வழக்கம். வீட்டு எண் பலகையின் கொடி நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கோடு சுவரின் எந்தப் பக்கம் என்று கைபேசியின் இருப்பிடப் புள்ளியைக் கொண்டு தீர்மானிக்காதீர்கள். திறந்தவெளியில் சுமார் 5 மீட்டரும், நெருக்கமான கட்டிடங்களுக்கு நடுவே அதற்கு மேலும் பிழை வரும். சிலுவைக் குறி, எல்லைக்கல், மனை வரைபடம் இவற்றை மட்டும் நம்புங்கள். பியூசிங்கன், காம்பியோனே போகும்போது கைபேசியில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சலுகை சுவிஸ் கோபுரங்களுக்குப் பொருந்தாது; சட்டைப்பையில் கிடக்கும் போன் தானாகவே சுவிஸ் கோபுரத்துக்குத் தாவிவிடும், கட்டணம் மாதக் கடைசியில்தான் தெரியும்.